மணி கேட்ட அம்மாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்து மூன்று வருடமாக வரலாறு நடத்துகிறேன். தொழிற்புரட்சிப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. 1764இல் ஸ்பின்னிங் ஜென்னி, ஹார்கிரீவ்ஸ். 1769இல் தண்ணீர் விசையில் நூற்கும் நீர்ச்சட்டகம், ஆர்க்ரைட். 1779இல் மியூல், கிராம்ப்டன். 1785இல் விசைத்தறி, கார்ட்ரைட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் இந்த நான்கையும் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது ஒரு மாணவி எழுந்தாள். "அந்த மிஷின்ல டாஃபர் வேலைக்கு யாருங்க சார் இருந்தாங்க?"

மில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு டாஃபர் என்றால் விளக்க வேண்டாம். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டுக் காலி பாபினை மாட்டுகிற ஆள். அவளுடைய அம்மா அந்த வேலைதான் பார்க்கிறார். என் அப்பாவும் முப்பது வருடம் மில்லில் சைடராக இருந்தவர். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே ஃபிரேமின் நீளத்துக்கு நடந்து நடந்து அவர் கால் நரம்பெல்லாம் சுருண்டு போயிருந்தது. அவர் மகனான எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று உட்கார வைத்தேன். அந்த நாளைக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் படித்ததை உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல்.

அந்த மிஷினில் டாஃபர்களாக இருந்தது பெரும்பாலும் குழந்தைகள். 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு குழு ஆலைத் தொழிலாளர்களை விசாரித்தது. கேள்வியும் பதிலுமாக அந்த விசாரணை அப்படியே அச்சிலிருக்கிறது. அதில் எலிசபெத் பென்ட்லி என்ற பெண் வருகிறார். வயது 23, ஊர் லீட்ஸ். ஆளி நாரை நூற்கிற ஆலையில் ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். என்ன வேலை என்று கேட்கிறார்கள். சின்ன டாஃபர் என்கிறார். அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார்கள். ஃபிரேம் நிறைந்ததும் அதை நிறுத்த வேண்டும், நூலைப் பாபினில் சுற்றுகிற ஃபிளையர்களைக் கழற்ற வேண்டும், நிறைந்த பாபின்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், காலி பாபின்களை மாட்டி மறுபடி ஃபிரேமை ஓடவிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த மாணவியின் அம்மாவிடம் கேட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் சொல்லியிருப்பார்.

வேலை மும்முரமான காலத்தில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை. நடுவில் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம், அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டுக்குத் தனியாக நேரம் கிடையாது. வேலைக்கு நடுவில் சாப்பிட முடியாமல் மீந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் மேஸ்திரி எடுத்துத் தன் பன்றிகளுக்குப் போட்டுவிடுவார். வேலை மந்தமானால் வார் அடி விழும்.

இதையெல்லாம் வகுப்பில் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை அசைத்துப் போட்டது வேறோர் இடம். ஆலை உன் வீட்டிலிருந்து தூரமா என்று குழு கேட்கிறது. இரண்டு மைல் என்கிறார். வீட்டில் கடிகாரம் இருந்ததா? இல்லை. பிறகு எப்படி நேரத்துக்குப் போனாய்? அம்மா எழுந்துவிடுவார் என்கிறார். நாலு மணிக்கு, சில நாள் இரண்டு மணிக்கே. சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று நாலு மணிக்கு வேலைக்குப் போவார்கள். அவர்களின் நடமாட்டம் கேட்டதும் அம்மா கதகதப்பான படுக்கையை விட்டு எழுந்து வெளியே போய் அவர்களிடம் மணி என்னவென்று கேட்பாராம். கொட்டுகிற மழையில் இரவு இரண்டு மணிக்குப் போய் நின்று ஆலை திறக்கும்வரை காத்திருந்த நாளும் உண்டு என்கிறார் பென்ட்லி.

வகுப்பில் சத்தமே இல்லை. எங்கள் தெருவுக்கு மில் சங்குதான் கடிகாரம். முதல் சங்கு ஊதினால் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார், இரண்டாம் சங்குக்கு அப்பா சைக்கிளை எடுப்பார். சங்கு யார் கையில் என்று நாங்கள் யோசித்ததில்லை. இங்கிலாந்தின் ஆலை மாவட்டங்களான லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் யோசித்தார்கள். ஆலைக் கடிகாரத்தின் முள்ளைக் காலையில் முன்னே தள்ளுகிறார்கள், மாலையில் பின்னே இழுக்கிறார்கள் என்பது அந்தக் காலத் தொழிலாளர்களின் பெரிய புகார்களில் ஒன்று.

நமது புத்தகங்களில் தொழிலாளர் துயரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துயரம் ஒரு பத்தி, அடுத்த பத்தியில் சட்டங்கள். கஷ்டப்பட்டார்கள், அதனால் அரசு சட்டம் போட்டது, நிலைமை சரியானது என்று பிள்ளைகள் மனதில் பதிகிறது. நடந்தது அப்படியில்லை. முதல் சட்டம் 1802இல். ஏழை விடுதிகளிலிருந்து ஆலைகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளிடம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, சுவர்களுக்கு வருடம் இரண்டு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. மேற்பார்வைக்கு உள்ளூர் நீதிபதி ஒருவர், பாதிரியார் ஒருவர். இருவரும் ஆலை முதலாளியோடு ஒரே மேசையில் விருந்து சாப்பிடுகிற ஆட்கள். சட்டம் ஏட்டோடு நின்றது. 1819இல் இன்னொன்று, ஒன்பது வயதுக்குக் கீழே பருத்தி ஆலையில் வேலை கூடாது என்று. அதுவும் ஏட்டோடு போனது. ஆறு வயது பென்ட்லி வேலைக்குப் போனது 1802 சட்டம் இருந்த நாட்டில்தான்.

1830இல் ரிச்சர்ட் ஓஸ்ட்லர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் அடிமை முறையை வருடக்கணக்கில் எதிர்த்தவர். பிராட்ஃபோர்டு ஆலை முதலாளி ஒருவரே, ஜான் வுட் என்பவர், தன் ஊர் ஆலைகளில் குழந்தைகள் படும் பாட்டை ஓர் இரவு அவரிடம் சொன்னார். அதுவரை ஓஸ்ட்லருக்கு அது தெரியாது. கடல் தாண்டிய அடிமைகளுக்காகப் பேசுகிற நாம் யார்க்ஷயரின் அடிமைகளைப் பார்க்கவில்லையே என்று மறுநாளே எழுதிவிட்டார். ஒரு கடிதத்தில் தொடங்கிய கிளர்ச்சிதான் சாட்லர் குழுவரை வந்தது. சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை, ஒரு தரப்பை மட்டும்தான் விசாரித்தார்கள் என்று முதலாளிகள் ஆட்சேபித்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் 1833இல் அரசு தனியாக ஓர் ஆணையம் வைத்து ஆலை ஊர்களிலேயே விசாரித்தது. அதன் பிறகும் குழந்தைகளுக்குச் சட்டம் தேவை என்றுதான் முடிவானது. ஒரு சான்றை எப்படி எடைபோடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி, நம் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். 1832 டிசம்பரில் சாட்லர் லீட்ஸ் தொகுதியில் தோற்றார். அங்கே ஜெயித்த இருவரில் ஒருவர் மெக்காலே. நம் கல்விக் குறிப்புக்குப் பெயர்போன அதே மெக்காலேதான். ஒன்றரை வருடத்தில் சென்னையில் கப்பலிறங்கி ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார். 1846இல், இங்கிருந்து திரும்பிய பிறகு, ஆலை வேலை நாளைப் பத்து மணி நேரமாகக் குறைக்கும் மசோதாவை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசியவரும் அவரே.

1833 சட்டத்தில் வயதும் மணிக்கணக்கும் இருந்தன. ஒன்பது வயதுக்குக் கீழே பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் வேலை இல்லை. பதின்மூன்றுக்குள் வாரம் 48 மணி. பதினெட்டுக்குள் 69 மணி, இரவு வேலை கிடையாது. முந்தைய சட்டங்களிலிருந்து இதைப் பிரித்தது நான்கு பேர். அரசு சம்பளம் வாங்குகிற, ஆலைக்குள் நுழையும் உரிமையுள்ள நான்கு ஆய்வாளர்கள். ஆயிரக்கணக்கான ஆலைகளுக்கு நான்கே பேர் என்றால் போதுமா என்று கேட்கலாம். போதாதுதான். ஆனாலும் முதல் முறையாக வெளியாள் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து எழுதினார், அது அச்சில் வந்தது. அவர்களில் லெனர்ட் ஹார்னர் 1859வரை அந்த வேலையில் இருந்தார்.

அவர்கள் முட்டிக்கொண்ட சுவர்களைப் பாருங்கள். ஒன்பது வயது ஆகிவிட்டது என்பதற்கு என்ன சாட்சி? இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. உயரத்தை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். ஆலைக் குழந்தைகளின் வயதைப் பல்லை வைத்துச் சொல்லலாம் என்று 1837இல் பல் மருத்துவர் ஒருவர் புத்தகமே எழுதினார். தினமும் இரண்டு மணி நேரம் பள்ளிக்குப் போனதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றது சட்டம். வந்த சான்றிதழ்கள் சிலவற்றில் ஆசிரியரின் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சிலுவைக்குறி. எழுதத் தெரியாத ஆசிரியர்! இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. 1844 சட்டத்தில், ஆசிரியர் தன் கையாலேயே பெயர் எழுத வேண்டும் என்று சேர்த்தார்கள். அதே சட்டம் குறைந்தபட்ச வயதை ஒன்பதிலிருந்து எட்டாக இறக்கியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். சீர்திருத்தம் நேர்கோட்டில் போகவில்லை.

அந்த 1844 சட்டத்தில்தான் இன்னொரு வரி இருக்கிறது. வேலை நேரத்தை ஒரு பொதுக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும், அந்தக் கடிகாரத்தை ஆய்வாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்து ரயில் நிலையக் கடிகாரம் போல, எல்லோரும் பார்க்கக்கூடியது. விடியுமுன் எழுந்து மணி கேட்டுப் போன அம்மாவிலிருந்து இந்த வரிவரை வருவதற்குள் எத்தனை வருடம்! இதுதான் பாடம் என்று நினைக்கிறேன். முள் முதலாளியின் கையிலிருந்து எப்படிப் பொதுவுக்கு வந்தது என்பது.

சுரங்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 1842 அறிக்கையில் சாரா கூடர் என்ற எட்டு வயதுப் பெண் குழந்தை பேசுகிறாள். சுரங்கத்தில் காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலை, இருட்டில் தனியாக. வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாட மாட்டேன், அப்போது பாட எனக்குத் தைரியம் வராது என்கிறாள். அந்த வருடமே பெண்களையும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை வந்தது. வேலை போன பெண்களுக்கு மாற்று வழி ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1837இல் நாசோ சீனியர் என்ற பொருளாதார அறிஞர், லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது, அதைக் குறைத்தால் தொழிலே அழியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1847இல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஜான் ஃபீல்டன் தானே ஆலை முதலாளி. ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நம் ஊருக்கு இந்தக் கதை வந்த வழியும் நேர் வழியல்ல. 1881இன் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பின்னால் லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது. பம்பாய் ஆலைகள் மலிவாக ஓடுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எப்படியோ ஏழு வயதுக்குக் கீழே வேலை கூடாது என்றாவது வந்தது. 1918இல் வாடியாவைத் தலைவராக வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பஞ்சாலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. பென்ட்லிக்குக் கிடைத்த நாற்பது நிமிடம்கூட இல்லை.

நான் கேட்பது இரண்டு பக்கம். பென்ட்லியின் கேள்வி பதிலில் பத்து வரியை அப்படியே மொழிபெயர்த்துப் போடுங்கள். 1802உம் 1819உம் ஏன் தோற்றன, 1833 ஏன் நிலைத்தது என்று எழுதுங்கள். 1844இன் கடிகார வரியைச் சேருங்கள். தேர்வில், விசைத்தறியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு, ஆய்வாளர் இல்லாத சட்டத்துக்கு என்ன ஆனது என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வியும் வையுங்கள். இடம் போதாது என்றால் ஜென்னியின் படத்தைக் கால் பக்கமாகச் சுருக்குங்கள்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் தம்பி வருகிற ஜூனில் என் வகுப்புக்கு வருகிறான். அதற்குள் புது அச்சு வராது என்று தெரியும். பென்ட்லியின் சாட்சியத்தைத் தமிழில் எழுதி நாற்பது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒன்று அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்