கரையோரத்துச் சிந்துபாத்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதை அறிந்து மனம் நிறைந்தது. நான் அனுப்பிய ஜப்பானியப் பாடலைக் கேட்டுவிட்டு, பெண்களை மயக்கித் திரியும் ஒரு மைனரைப் பற்றிய பாட்டில் எனக்கு என்ன இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டிருந்தாய். அதற்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

அது 1977 ஜூன் மாதம் வெளிவந்த 'நகிசா நோ சிந்துபாத்', அதாவது 'கரையோரத்துச் சிந்துபாத்'. பாடியவர்கள் பிங்க் லேடி எனப்பட்ட மீ, கெய் என்ற இருவர். ஜப்பானின் ஷிசுவோகாவில் ஒன்றாகப் படித்து, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றின் வழியே 1976இல் அறிமுகமானவர்கள். நாம் சிறுவயதில் படக்கதையில் பின்தொடர்ந்த சிந்துபாத் கடல்களைக் கடந்தவன். இவனோ கரையை விட்டு நகராமல், அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அழகியிடமிருந்து அடுத்த அழகியிடம் போய்க்கொண்டிருப்பவன். நீச்சலுடை எடுப்பாக இருக்கிறது என்று தோளை அணைத்துச் சொல்லுவான். இங்கே நிற்கிறான் என்று நினைப்பதற்குள் அங்கே போயிருப்பான்.

அவன் தண்டிக்கப்படாமல் தப்பிவிடுகிறான் என்பது உன் குறை. அது உண்மைதான். ஆனால் அவனைப் பற்றிப் பாடுகிறவளைக் கவனித்தாயா? அவன் நிலையில்லாதவன் என்பதை அவள் முதலிலேயே கண்டுகொள்கிறாள், அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், சொல்லிக்கொண்டே அவனிடம் மயங்கவும் செய்கிறாள். ஏமாந்துபோனதாக ஓரிடத்திலும் அழுவதில்லை.

இதன் அருமை, பாடலாசிரியர் அகு யூவின் மற்றப் பாடல்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. 1976இல் அந்நாட்டின் பெரிய இசை விருதான ஜப்பான் ரெக்கார்டு விருதைப் பெற்ற, மியாகோ ஹருமி பாடிய அவருடைய பாடலில், வடக்கே ஒரு விடுதியில் குளிரைத் தாங்கிக்கொண்டு, காதலன் ஒருபோதும் அணியப்போவதில்லை என்று தெரிந்தே அவனுக்காகக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள் ஒருத்தி. அந்தத் துயரத்தை அத்தனை நுட்பமாக எழுதிய அதே கைதான், அடுத்த ஆண்டே இந்தக் கடற்கரைப் பெண்ணையும் படைத்தது. பிரிவுக்கும் காத்திருப்புக்கும் பழகிப்போன ஒரு பாடல் மரபில், மயக்கத்தையும் கண்டிப்பையும் ஒரே மூச்சில் சொல்லும் பெண்குரலை வெகுசனப் பாட்டாக ஒலிக்கச் செய்தது பெரிய காரியம் என்றே கருதுகிறேன்.

டோகுரா ஷுனிச்சியின் துள்ளல் இசையும் அவளுக்குத் துணைநிற்கிறது. புலம்புவதற்கு அது இடமே கொடுப்பதில்லை. கைகால்களை அகல வீசும் பிங்க் லேடியின் ஆட்டங்களை வடிவமைத்தவர் டொய் ஹஜிமே. நாடெங்கும் சிறுமிகள் அவற்றைப் பார்த்துப் பழகி ஆடினார்கள். இத்தகைய சொற்களைக் குழந்தைகள் பாடித் திரிந்தது எனக்கு இன்றும் சற்று நெருடலாகவே இருக்கிறது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதே ஆண்டு செப்டம்பரில், அதே கூட்டணி 'வாண்டெட்' என்ற பாடலை வெளியிட்டது. அதில் வேடம் மாற்றி மாற்றித் தப்பும் ஒரு மனங்கவர் கள்வனைக் கைவிலங்கோடு துரத்திச் செல்பவள் பெண். உன் சிந்துபாத்துக்கு உரிய தண்டனை ஒருவேளை அங்கே இருக்கலாம். கேட்டுவிட்டு, உன் குறை தீர்ந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்