இடமா, வலமா?

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து ஆய்வு தொடங்கப் போவதாக எழுதி, அவற்றை முப்பரிமாணத்தில் பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருந்தாய். இத்தனை ஆண்டு நட்பில் என் தொழிலைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

திறந்து பார்ப்பதற்கு மட்டும் என்றால் கிறிஸ் ரோர்டன் எழுதிய எம்.ஆர்.ஐ.குரோ ஜி.எல். போதும். மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் போன்ற ஒரு பகுதியை எல்லை வரைந்து கன அளவு எடுக்க வேண்டுமானால் ஐ.டி.கே.-ஸ்நாப் கைக்கு வாகானது. 1990களின் இறுதியில் பாஸ்டனில் பிறந்த 3டி ஸ்லைசர் ஒரு கடல். அவசரமில்லாத நாளில் இறங்கு. மூன்றும் இலவசம், மூன்றும் ஆய்வுக்குத்தான், நோயறிந்து சொல்வதற்கு அல்ல.

எதை எடுத்தாலும் திரையில் எந்தப் பக்கம் நோயாளியின் வலம் என்பதை முதலில் உறுதி செய்துகொள். கதிரியக்க மருத்துவர்கள் நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் படத்தை வைப்பார்கள். அதனால் திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். மூளை ஆய்வாளர் பலர் இதற்கு நேர்மாறு. படம் தலைகீழாக இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மூளையின் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இடம் வலம் மாறியது கண்ணுக்குத் தட்டுப்படாது.

அனலைஸ் என்ற பழைய வடிவத்தில் சேமித்த படக் கோப்புகளில் இதுவே பெரிய தலைவலி. படத்தைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் அவற்றின் 348 பைட் தலைப்பிலிருந்து (ஹெடர்) பக்கத்தை ஐயமின்றி அறிய முடியாததால், ஒவ்வொரு மென்பொருளும் தன் வழக்கப்படி வைத்துக்கொண்டது. பின்னர் வந்த நிஃப்டி என்ற கோப்பு வடிவம், தலைப்பின் அதே 348 பைட் அளவை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு வோக்சலும், அதாவது முப்பரிமாணப் படப்புள்ளியும், தலையில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் எண் அணியையும் (மேட்ரிக்ஸ்) அதற்குள் சேர்த்தது. ஆனாலும் பழைய கோப்பை மாற்றும்போது பிழை புகுந்தால், அந்த அணியும் பொய்தான் சொல்லும். நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தில் அப்படி மாற்றிய சில கோப்புகளை நம்பி, இடப்பக்கத்துப் பாதிப்பை வலப்பக்கத்தது என்று இரண்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை, ஸ்கேனுக்குள் அனுப்புமுன் நோயாளியின் வல நெற்றிப்பொட்டில் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுவேன். உள்ளிருக்கும் எண்ணெய், படத்தில் தோலுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். தலைப்பு என்ன சொன்னாலும் சரி, பொட்டு இருக்கும் பக்கமே வலம்.

உன் முதல் ஸ்கேனை, ஆளின் பெயரை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பு. அந்த ஒரு முறை மட்டும் மாத்திரையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒட்டு, எந்தப் பக்கம் என்று எழுதாதே. கோப்பைத் திறந்து நான் சொல்கிறேன். சரிதானா என்று நீ சொல்.

அன்புடன்,
ரகு