சீப்புச்சீடைக்கு அடியில ஒரு புத்தகம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பச்சிக்கு முட்டிவலி பரவாயில்ல, ரெண்டாங்கட்டுல ஓடு மாத்தி முடிச்சாச்சு. நேத்து போன்ல கேட்டியே, ஆபீஸ்ல தமிழ் படிக்கிற பசங்க சேர்ந்து மாசம் ஒரு நாவல் படிக்கப் போறோம், அஞ்சு நாவல் சொல்லுங்கன்னு. அடுப்புல பால் பொங்கற நேரம், அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டேன். ஆனா நீ போற போக்குல ஒண்ணு சொன்னே பாரு, 'புயலிலே ஒரு தோணி' அறுபது பக்கம் போனேன், ஒரே மலாய் வார்த்தை, யாரு என்னன்னே புடிபடல, மூடி வச்சுட்டேன்னு. அது எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன்.

அதை எழுதுன ப.சிங்காரம் யாரோ எவரோ இல்லப்பா, நம்ம காரைக்குடியில இருந்து திருப்பத்தூர் தாண்டிப் போனா வர்ற சிங்கம்புணரிக்காரர். 1920ல பொறந்தவர், பதினெட்டு வயசுல கப்பலேறி இந்தோனேசியாவுல இருக்கற மெடானுக்கு வேலைக்குப் போனவர். யுத்தத்தைக் கண்ணால பாத்துட்டுத் திரும்பி வந்து மதுரையில பத்திரிகை ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே எழுதுனதுதான் ரெண்டு நாவலும். மொதல்ல 'கடலுக்கு அப்பால்', 1959ல வந்துச்சு. 'புயலிலே ஒரு தோணி' எழுதி வச்சு, போட ஆள் கிடைக்காம வருஷக்கணக்கா கெடந்து 1972லதான் புத்தகமா வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் நாவலே எழுதல. நெனச்சா இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

உங்க ஐயா, அதான் அப்பச்சியைப் பெத்தவுக, அவுக கதை உனக்குப் பாதிதான் தெரியும். பதினாலு வயசுல பெட்டியடிப் பையனா சிங்கப்பூர் போனவுக. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில ஒரே கூடத்துல வரிசையா பத்துப் பதினஞ்சு பெட்டி, ஒவ்வொண்ணும் ஒரு வட்டிக்கடை, பகல்ல அதுக்கு முன்னால தரையில உக்காந்து கணக்கு, ராத்திரி அங்கயே பாயை விரிச்சுத் தூக்கம். பெட்டியடி, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள்னு படிப்படியா ஏறணும், மூணு வருஷம் முடிஞ்சாத்தான் ஊருக்கு வரலாம். இவ்வளவுதான் ஐயா சொன்னது, யுத்தகாலத்தைக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக. மரவள்ளிக்கிழங்கு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, அவுக இருக்கற வரைக்கும் வரல. ஏன்னு நான் மருமகளா வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அப்பத்தா சொன்னாக, ஜப்பான்காரன் காலத்துல அரிசி கிடைக்காம அதையே தின்னு தின்னு வெறுத்துப் போச்சாம்.

நீ சின்னப்புள்ளையில முகப்புத் திண்ணையில கடை வச்சு விளையாடுவியே, வாழைமரம் போட்ட நோட்டை அள்ளி அள்ளிக் குடுத்து, அது ஐயாவோட தகரப்பெட்டியில கட்டுக்கட்டா இருந்துச்சு. ஜப்பான்காரன் அடிச்ச நோட்டு, அவன் தோத்த அன்னிக்கே வெறும் காகிதமாயிருச்சு. அதையும் ஏன் கப்பல்ல தூக்கிக்கிட்டு வந்தாகன்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. சிங்காரத்தைப் படிச்சப்பதான் புரிஞ்சுச்சு. ஜப்பான் பட்டாளம் மெடானுக்குள்ள நுழையறதுலதான் நாவலே ஆரம்பிக்குது, நம்ம பக்கத்துப் பசங்க வட்டிக்கடைக் கணக்கை விட்டுட்டுத் துப்பாக்கி தூக்கறாக, நேதாஜி பட்டாளத்துல சேர்றாக, நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, ஆனா ராத்திரியில உக்காந்து பேசறதெல்லாம் ஊர்ச் சந்தையும் மதுரைத் தெருவும் சின்ன வயசுச் சேக்காளிகளும்தான். அந்தப் பக்கங்களைப் படிச்சுட்டு நான் வளவுத் தூண்ல சாஞ்சு அப்படியே இருந்தேன், காயப்போட்ட வத்தலை மழை வந்து நனைச்சது கூடத் தெரியல. ஐயா வாயைத் திறந்து சொல்லாததெல்லாம் அவுக காலத்து ஆள் ஒருத்தர் எழுதி வச்சிருக்காரே, அதை நாம படிக்கறப்ப ஐயா இல்லாமப் போயிட்டாகளேன்னு இருந்துச்சு.

அதனால நீ செய்ய வேண்டியது இது. மொதல்ல 'கடலுக்கு அப்பால்' படி. சின்னது, கதை நேரா போகும், பினாங்குல நடக்கறது, செல்லையா, முதலாளி, முதலாளி மக மரகதம்னு ஆளுகளும் கொஞ்சம்தான், ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சிரலாம். கடைப் பழக்கம், முதலாளி பேச்சு, பட்டாளத்துக்குப் போயிட்டு வந்த பையனை முதலாளி பாக்கற பார்வை எல்லாம் அதுல பழகிரும். அப்புறம் 'தோணி'யை எடு. மலாய் வார்த்தையைக் கண்டு நிக்காதே, கடந்து போ, நூறு பக்கம் தாண்டினா அதுவே பழகிரும். கதாநாயகன் பாண்டியன் தனக்குத்தானே பேசற இடமெல்லாம் ஓடி ஓடிப் படிக்காதே, வாய்விட்டுப் படி. எனக்கு அப்படித்தான் பிடிபட்டுச்சு.

மத்தவுக கருத்தும் கேட்டேன். அப்பச்சிக்கு என்னிக்கும் கல்கிதான், 'பொன்னியின் செல்வன்' தவிர வேற எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவாக. எனக்கும் வந்தியத்தேவனைப் பிடிக்கும்தான், ஆனா அஞ்சு பாகம், மாசம் ஒண்ணுங்கற கணக்குக்கு ஒத்து வராது. தேவகோட்டை சின்னாத்தா ராஜம் கிருஷ்ணனோட 'கரிப்பு மணிகள்' சொல்லச் சொன்னாக. தூத்துக்குடி உப்பளத்து ஆளுகளைப் பத்தினது. அதைப் படிச்சதுல இருந்து உப்பு ஜாடியில கை வைக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிக்கறேங்கறாக, அதை விட என்ன சிபாரிசு வேணும். என் பங்குக்கு தி.ஜானகிராமனோட 'மோகமுள்'ளையும் சேத்துக்க. இருபது வயசுல படிச்சப்ப எனக்கு யமுனாவைத் தவிர யாரும் கண்ணுலயே படல. போன வருஷம் திரும்ப எடுத்தா, பாபுவைப் பெத்தவுக பக்கமே மனசு போகுது. உன் வயசுல நீ யாரைப் பாக்கறேன்னு எனக்கு எழுதணும். அஞ்சு சொல்லச் சொன்னே, நாலுதான் ஆச்சு, கல்கியை அப்பச்சிக்காகச் சேத்துக்க.

என்கிட்ட இருந்த பழைய 'தோணி' பிரதியை ஒருத்தவுக படிச்சுட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போயி இன்னி வரைக்கும் வரல, கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். புத்தகத்தைத் தொலைக்கறவுகளை என்னால மன்னிக்க முடியல. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒரு மனுஷர் வாழ்நாளெல்லாம் பழைய புத்தகம் பத்திரிகை நோட்டீஸெல்லாம் தேடித் தேடிச் சேத்து வச்சாரு. அவர் காலத்துக்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில நூலகமாவே ஆக்கிருச்சு. அடுத்த லீவுக்கு வரும்போது தரமணியில அதைப் பாத்துட்டு வா.

புதுப்பிரதி மதுரையில வாங்கிட்டேன். அடுத்த வாரம் சிங்கப்பூர் வர்ற பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட பார்சல் குடுத்து விடறேன். தேன்குழல் மேல இருக்கும், சீப்புச்சீடை டப்பாவுக்கு அடியில ரெண்டு புத்தகமும் இருக்கு, எண்ணெய் படாம ரெண்டு கவர் போட்டு நூல் கட்டியிருக்கேன். கூட ஒரு வாழைமர நோட்டும் வச்சிருக்கேன், அதைப் பக்கத்துக்கு அடையாளம் வச்சுக்க. உன் ஆபீஸ்ல இருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் நடக்கற தூரம்தான்னு சொன்னியே, 'தோணி' முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் அங்க ஒரு நடை போயிட்டு எனக்கு போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

ஆத்தா