ஏஸ்-ஜாக்கியைப் பற்றி

அன்புள்ள நண்பா,

கண் அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது எழுத்து தெளிவாகத் தெரிகிறது. முதலில் எடுத்துப் படித்தது உன் கடிதத்தைத்தான். மகளுக்கு வேலை உறுதியான செய்தியில் மனம் நிறைந்தது. என் வாழ்த்தை அவளிடம் சொல்.

போக்கரில் மூன்று இரவும், கைக்கு வந்த இரண்டு சீட்டும் ஏஸ்-ஜாக்கியாக இருந்ததை நம்பித் தோற்றதாகவும், அது ராசியில்லாத கை என்றும் எழுதியிருக்கிறாய். ராசியை விடு. எந்த இருக்கையிலிருந்து இறங்கினாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டியவன் நீ என்று வைத்துக்கொள். உன் இரண்டு சீட்டு போக மீதி 50. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1,225 கைகள். அதில் உன்னைத் திணறவைப்பவை எவை? ஏஸ்-ராஜா 12, ஏஸ்-ராணி 12, ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 6, ஏஸ் ஜோடி 3, ஜாக்கி ஜோடி 3. மொத்தம் 42. ஓர் ஆளிடம் அவற்றில் ஒன்று இருப்பது அபூர்வம். ஆனால் உனக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவரிடம் அது இருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு முறை! டீலர் இடத்தில் நீ இருந்து, முன்னால் எல்லோரும் சீட்டை மடக்கி விலகிவிட்டால், உனக்குப் பின்னால் பேச மிச்சம் இரண்டு பேர்தான். அப்போது பதினைந்தில் ஒரு முறை. சீட்டு அதேதான், ஆட்டம் வேறு.

ஏஸ்-ராஜாவிடம் மாட்டிய ஏஸ்-ஜாக்கி நான்கில் ஒரு முறைதான் பிழைக்கும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டில் ஏஸ் விழுந்தாலும் இருவருக்குமே ஜோடி; பக்கத்துச் சீட்டில் அவன் ராஜா உன் ஜாக்கியை அடித்துவிடும். நீ ஆசையோடு எதிர்பார்த்த சீட்டே உன் பணத்தைக் கொண்டுபோகும். அதே ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ஒரே இனத்து 7-6 ஐந்தில் இரண்டு முறை ஜெயிக்கிறது. இதை நம்ப எனக்கு முதலில் மனம் வரவில்லை. காரணம் எளிது: 7-6க்கும் அவன் கைக்கும் பொதுவான சீட்டு கிடையாது. அதற்காக 7-6ஐத் தூக்கிக்கொண்டு எல்லா ஆட்டத்திலும் இறங்கிவிடாதே. வெறும் சீட்டாக எடைபோட்டால் ஏஸ்-ஜாக்கி எங்கோ மேலே நிற்கிறது. முன்னால் ஒருவன் பந்தயத்தை ஏற்றிவிட்டான் என்றால்தான் அதன் மதிப்பு சரிகிறது. பொறுப்பாக ஆடுகிறவன் முதல் இருக்கைகளிலிருந்து ஏற்றினால், நான் ஏஸ்-ஜாக்கியைத் தயங்காமல் மடக்கிவிடுவேன்.

சின்ன ஜோடிகளையும் கேட்டிருந்தாய். நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில் அதே எண் இன்னொன்று விழுவது எட்டரை முறைக்கு ஒரு தடவை. மலிவாகப் பார்க்க முடிந்தால் பார், இல்லையேல் விடு.

ஏஸ் ஜோடியை ஒளித்துவைத்து ஆடுகிறாயே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 221 முறைக்கு ஒரு தடவை வரும் கை அது. ஒருவன் எதிரே இருந்தால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் 35 முறைதான். ஆரம்பத்திலேயே ஏற்றி, கூட்டத்தைக் குறை.

அந்த மூன்று இரவுகளிலும் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், உனக்கு முன் ஏற்றியது யார் என்று நினைவிருக்கும்போதே எழுதி அனுப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்