முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லுங்கள்

சிங்கப்பூரில் நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்து ஆய்வுகளை நடத்தும் மருத்துவமனைகளுக்கும், சுகாதார அமைச்சுக்கும், சுகாதார அறிவியல் ஆணையத்திற்கும்,

வணக்கம்.

என் அக்காவுக்கு நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய். வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவர் அல்லர். அவருக்குக் கிடைத்துவரும் சிகிச்சையில் எங்களுக்குக் குறையேதும் இல்லை. நான் கேட்க வந்தது வேறு. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் இங்கேயே நடக்கின்றன, அவற்றில் சேர முடியுமா என்று கேட்கலாம் என்பதை நோயாளிக்கு யார், எப்போது, எந்த மொழியில் சொல்கிறீர்கள்?

எப்போது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கான ஆய்வுகளில் பலவும், பரவிய நோய்க்கு இன்னும் எந்த மருந்தும் எடுக்காதவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. முதல் மாத்திரையை விழுங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அக்காவிடம் ஆய்வு என்ற பேச்சு எழுந்ததே, அவர் எடுத்துவந்த ஒசிமெர்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை வேலை செய்வதை நிறுத்தி, கட்டி மறுபடி வளரத் தொடங்கிய பிறகுதான். அந்த நிலையிலும் ஆய்வுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குப் பெரும்பாலும் புதிதாகத் திசு எடுக்க வேண்டும், முந்தைய மருந்தை நிறுத்திச் சில நாளோ சில வாரமோ கழிந்திருக்க வேண்டும், நோயாளி எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும். நோய் முற்றிய உடம்பு இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கும் என்று என்ன உறுதி?

மருத்துவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. "இன்னும் ஏன் மருந்து தொடங்கவில்லை?" என்று அவர்களை நச்சரிப்பதே எங்களைப் போன்ற குடும்பங்கள்தாம். ஆனாலும், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்கள் கட்டியில் உண்டா என்ற முடிவு வரும்வரை எப்படியும் காத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் ஒருவர் உட்கார்ந்து பேசினால் சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. பொருத்தமான ஆய்வு இல்லையென்றால், "தேடினோம், இல்லை" என்று நோயாளியின் கோப்பில் ஒரு வரி எழுதி அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நாங்களாகத் தேடலாமே என்பீர்கள். தேடினேன். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ் பதிவேட்டில் நோயின் பெயரையும் சிங்கப்பூரையும் கொடுத்து, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளை மட்டும் கேட்டால் பட்டியல் வருகிறது. ஒவ்வோர் ஆய்வுக்கும் என்சிடி என்ற எழுத்துகளோடு தொடங்கி, அடுத்து 8 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். உள்ளே போனால் யார் சேரலாம், யார் சேரக்கூடாது என்ற நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில். மூளையில் பரவிய கட்டி அடங்கியிருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, இதற்கு முன் எத்தனை வகை மருந்து? அக்காவின் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தேக்காவில் மீனுக்குப் பேரம் பேசப் போதுமான ஆங்கிலம் இதற்குப் போதாது. அப்படியே தேடிப் பிடித்து அழைத்தாலும், அந்தப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது என்ற பதில் வரலாம்.

இத்தனை சிறிய தீவில், நுரையீரல் புற்றுநோய்க்கு எந்த மருத்துவமனையில் எந்த ஆய்வு திறந்திருக்கிறது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான ஒரு பட்டியலை வெளியிடுங்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் நான்கு மொழிகளிலும் ஒரு பக்கச் சுருக்கம் போதும். அவுட்ரமில் உள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவர், கெண்ட் ரிட்ஜில் உள்ள இன்னொரு மருத்துவமனையில் நடக்கும் ஆய்வைப் பற்றிக் கேட்க, தன் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கக்கூடாது.

இசைவுப் படிவத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிமுறைகள், நோயாளி விவரம் அறிந்தே இசைவு தர வேண்டும் என்கின்றன. நடைமுறையில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு விவரம் சொல்கிறவர் யார்? பெரும்பாலும் கூடவே போகும் மகனோ மருமகளோதான். "இந்த மருந்தால் நுரையீரல் அழற்சி வரலாம், அரிதாக உயிரும் போகலாம்" என்று ஆராய்ச்சித் தாதி சொல்வதைப் பெற்ற தாயிடம் எந்தப் பிள்ளை அப்படியே சொல்வான்? "கொஞ்சம் இருமல் வரலாம் அம்மா" என்பான். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறான். ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போடும் கையெழுத்து எப்படி இசைவாகும்? குடும்பத்தைச் சேராத, பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

அவர் இருந்தால் இன்னொன்றும் வெளியே வரும். எங்கள் வீடுகளில் நிலவேம்பு, கருஞ்சீரகம், ஊரிலிருந்து தருவித்த சித்த மருந்துப் பொடி என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பார்கள். புற்றுநோய் மாத்திரைகள் பலவற்றைக் கல்லீரல் நொதிகளே உடைக்கின்றன. அந்த நொதிகளைத் தூண்டவோ மந்தமாக்கவோ சில மூலிகைகளால் முடியும். தமிழில், அதட்டாமல் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

"நம்மைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்" என்ற பயத்துக்கும் நேராகவே பதில் சொல்லுங்கள். முதல் கட்ட ஆய்வு, எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பது. அதில் பலன் கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். மூன்றாம் கட்டத்தில் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குப் புதிய மருந்தும் மறுசாராருக்கு, வழக்கமாக, இப்போதுள்ள சிறந்த சிகிச்சையும் தரப்படும். எந்த நாளும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிட்டினிப் மாத்திரையையும் கீமோதெரபியையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து 1,217 பேர் சேர்ந்தார்கள். சிங்கப்பூரும் அதில் உண்டு. இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரையும் இல்லாதவர்களுக்குக் கீமோதெரபியும் மேல் என்பதை அந்த ஆய்வு காட்டியது. மருந்துக்கு முன் மரபணுவைப் பார்க்கும் இன்றைய வழக்கத்துக்கு அந்த 1,217 பேரும் காரணம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு, வெளிநோயாளிகளின் புற்றுநோய் மருந்துகளில் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ளவற்றுக்கே பணம் தருகிறது என்று ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரியும். ஆய்வில் சேர்ந்தால் மருந்து யார் செலவு, ஸ்கேன் யார் செலவு, பக்கவிளைவால் வார்டில் படுக்க நேர்ந்தால் யார் கட்டுவது என்பதுதான் தெரியாது. ஆய்வுக்கு ஆய்வு அது மாறும் என்பதால், நான் மேலே கேட்ட ஒரு பக்கச் சுருக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் வரைவு தயாரானதும், அச்சுக்குப் போகும் முன் அதை நோயாளிகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அக்கா வாசிக்கத் தயார். புரியாத இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். 30 ஆண்டு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், எச்சரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி
ஈசூன்