மூட்டுவாத ஊசியும் மான்டூ தடிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சரவாங்கி மூட்டுவாதத்துக்கு அடலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் புரத மருந்துகள்) போடுவது வேலூர் பக்கத்தில் இப்போது சாதாரணமாகிவிட்டது. மூட்டு வீக்கத்தைத் தூண்டுவதால் இவை முடக்கும் டி.என்.எஃப். என்ற உடம்பின் சொந்தப் புரதம்தான், என்றோ உடம்பில் புகுந்த காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்க உதவுகிறது. அந்தக் காவல் தளர்ந்தால் உறங்கிய கிருமி விழிக்கும். இதே வகை ஊசியான எட்டனர்செப்ட்டில் இந்த ஆபத்து குறைவு; இல்லாமல் இல்லை.

அதனால் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், உடம்பில் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறதா என்று காட்டும் மான்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும் எழுதுகிறார்கள். கோட்டை விடுவது பெரும்பாலும் மான்டூவில். முன்கையில் போட்டபின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து வருபவர் அதற்காக இன்னொரு நாள் பீடிக் கூலியை விடுவாரா? செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார். படத்தில் தெரிவது சிவப்பு, கணக்கு தடிப்புக்குத்தான். அதை விரலால் தடவி, கைக்குக் குறுக்காக ஸ்கேலில் அளக்க வேண்டும். மற்றவர்களுக்கு 10 மி.மீ. என்றால் பயாலஜிக் ஊசி போடப்போகும் இவர்களுக்கு 5 மி.மீ. தடிப்பே பாசிட்டிவ். 'லேசாத்தான் வீங்கியிருக்கு' என்று எழுதுவது அளவே அல்ல.

ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் கிருமி இருந்தும் தடிப்பு எழாமல் போகலாம். இக்ராவில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று வந்தால் அது நெகட்டிவ் ஆகாது. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்பது இதனால்தான் முக்கியம்.

பாசிட்டிவ் என்றால், நோய் இப்போதே கிளம்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தடுப்பு மருந்து: தினமும் ஐசோனியாசிட் 6 மாதம், அல்லது ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு முறையாக 12 வாரம். அரசுத் திட்டத்தில் இலவசம். தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே பயாலஜிக் ஊசி. ஈரலைப் பாதிக்கக்கூடிய மூட்டுவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டும் கூடவே ஓடினால் ஈரல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாம் நெகட்டிவ் என்றாலும் ஊசி தொடரும்வரை கவனம் வேண்டும். இவர்களுக்கு டி.பி. நிணநீர்க் கட்டி, வயிறு, முதுகெலும்பு என்று நுரையீரலுக்கு வெளியிலும் அடிக்கடி வரும். இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம். விடாத காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து, உள்ளூர் மருத்துவரிடம் ஊசியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மான்டூ எங்கே போட்டாலும், நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் அளந்து, மி.மீ. கணக்கைச் சீட்டில் எழுதித் தர மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூட்டுநோய் மருத்துவர்கள் சிலர்,
வேலூர்