செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பழைய கம்ப்யூட்டர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆயுதபூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை வழங்கினோம்.

இனி பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர் விஷயம். 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த ரகம். பரணிலிருந்து இறக்கிய கையோடு பிளக்கைச் சொருக வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியும் பலர் கேட்கவில்லை. பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கம் 100 நானோஃபாரடில் ஒன்றும் 10 நானோஃபாரடில் ஒன்றுமாக மின்சாரத்தைத் தேக்கும் பேப்பர் கெப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. நாளாவட்டத்தில் மேல் உறை விரிசல் விட்டு உள்ளே ஈரம் இறங்கிவிடும். சுவிட்ச் போட்டுச் சற்று நேரத்தில் டப்பென்று வெடித்து அறை முழுக்கப் புகை. அதற்குப் பிறகும் மெஷின் ஓடும் என்பதால் “தானே சரியாயிடுச்சு சார்” என்கிறார்கள். ஆகவில்லை. இரண்டையும் மெயின்ஸ் பக்கத்துக்கென்றே உள்ள 275 வோல்ட் எக்ஸ்2 ரகத்தில் மாற்றி, கூடவே 220 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிய பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து, சத்தம். நல்ல மெஷின் சுவிட்ச் போட்டதும் “பூ-பீப்” என்று இரண்டு சத்தம் போடும். முதல் சத்தம் சவுண்ட் சிப் தானாக எழுப்புவது. அதை அடக்குவது மெஷினை இயக்கும் அடிப்படை நிரலான ஓ.எஸ். “பூ...” என்று நிற்காமல் இழுத்தால் பவர் வருகிறது, பிராசசரான 6502 சிப் வேலையைத் தொடங்கவில்லை என்று அர்த்தம். உடனே பிராசசர் மேல் பழி போட வேண்டாம். அதன் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் நடுவே 4.75 வோல்ட்டுக்குக் குறைந்தால் போர்டில் பவர் ஒயர்கள் சொருகும் இடங்களைச் சுத்தம் செய்யுங்கள். வோல்டேஜ் சரி என்றால் 40-ஆம் காலில் ரீசெட் சிக்னல் ஏறுகிறதா, 37-இல் கிளாக் சிக்னல் துடிக்கிறதா என்று, சிக்னலைக் காட்டும் கருவியான லாஜிக் புரோப் வைத்துப் பாருங்கள். இரண்டும் இருந்தால் ஓ.எஸ். பதிந்த ரோம் சிப்பான ஐசி51-ஐக் கழற்றி, கறுத்த கால்களைத் துடைத்து அழுத்திச் சொருகுங்கள். இந்த ஒரு காரியத்திலேயே எழுந்துவிட்ட மெஷின்கள் உண்டு. திரையில் ‘லாங்குவேஜ்?’ என்று மட்டும் நின்றால் பக்கத்து ஐசி52-க்கும் அதே வைத்தியம். அது பேசிக் என்ற நிரல் மொழி பதிந்த ரோம்.

லாஜிக் புரோப் வீண் செலவு என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்து பேசிய உறுப்பினரே அதை இரவல் வாங்கிச் சென்றிருக்கிறார். மூன்று மாதமாகிறது. ஐசி கழற்றும் இடுக்கியும் அவரிடம்தான் என்று நம்புகிறேன். அது இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒரு ரோமின் கால் ஒடிந்தது.

வரவு செலவு திருப்தி. சிறு பற்றாக்குறை முன்பணத்தில் ஈடுகட்டப்பட்டது, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயரை வாசிக்கப் போவதில்லை. கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டு மெஷின் வாயடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்வதை மட்டும் குறிப்பில் ஏற்றுகிறேன்.

இடம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கெப்பாசிட்டர் செட் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று செயற்குழு யோசிக்கிறது. நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் சாவியைத் தரத் தயார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறார். கூட்டம் முடியும்வரை இருப்பார்.

செயலாளர்